பத்து கஜம்

'தெரியாது' என்று சொல்ல கலைவாணனுக்கு வாய் வராது. அது பிறவிக் குறை என்பாள் அவர் மனைவி புவனேஸ்வரி. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் யாராவது வந்து உத்திரமேரூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டால் போதும், ஒரு பக்கம் கையை நீட்டிவிடுவார். நீட்டுகிற தோரணையைப் பார்த்தால் அந்த பஸ்ஸையே அவர்தான் அங்கே நிறுத்திவைத்துவிட்டு வந்தவர் போலிருக்கும். ஒருமுறை அப்படிப் போன ஒரு பெரியவர் வந்தவாசியில் இறங்கினார். அடுத்த வாரம் அதே இடத்தில் கலைவாணனைக் கண்டு முறைத்தார். "ரூட்டை மாத்திட்டானுங்க போல" என்று சொல்லிவிட்டு கலைவாணன் டீயைக் குடித்து முடித்தார்.

சொந்த ஊர் தாமல். ஏரித் தண்ணீர் பாயும் நிலம், கபடி ஆடி உரமேறிய உடம்பு. அந்த உடம்பை நம்பிப் போலீஸ் தேர்வுக்குப் போனார். உயரம் ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அளந்த ஏட்டு டேப்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று இன்றைக்கும் சாதிக்கிறார். அதன்பிறகு உடற்கல்வி படித்து, காஞ்சிபுரத்துக்கு வெளியே இருந்த அருள்நெறி கலைக் கல்லூரியில் பி.டி. சாராகச் சேர்ந்தார். பன்னிரண்டு வருஷம் கபடிக் குழுவை வண்டியேற்றி அழைத்துப்போய் அழைத்துவந்தார். விளையாட்டு விழாவுக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டார். கோடு மட்டும் நேராக இருக்கும்.

2013 ஜூன் மாதம் அந்த வாழ்க்கை வேறு பக்கம் திரும்பியது. கல்லூரியின் கரஸ்பாண்டன்ட் மயில்வாகனம், அரிசி மில் முதலாளி, டெக்சாஸில் இருக்கும் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கிவிட்டு வந்திருந்தார். வந்த மறுநாளே கலைவாணனைக் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் பழுப்பு நிறத்தில், உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்து இருந்தது.

"எண்பதாயிரம் பேருய்யா. காலேஜ் பசங்க ஆடறதைப் பாக்க வந்துக்கினு இருக்கான். நம்ம கருட சேவைக் கூட்டம்தான், ஆனா எல்லாரும் டிக்கெட் வாங்கிக்கினு வரான்" என்றார் மயில்வாகனம். "அந்தக் காலேஜுக்கு பிரின்சிபால் யாருன்னு எம் மருமவனுக்கே தெரியல. கோச்சு பேரு மட்டும் அஞ்சு வயசு பேரனுக்குத் தெரியுது."

அந்தக் கடைசி வாக்கியம் கலைவாணன் மனதில் ஆணி மாதிரி இறங்கியது. பன்னிரண்டு வருஷமாக அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பி.டி. சார்தான்.

"அமெரிக்கன் ஃபுட்பால். இந்த ஆட்டம் தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும் சார்."

பந்தையும், கூடவே கொடுத்த ஒரு தடித்த விதிப்புத்தகத்தையும் ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சிக்னலில் நின்ற ஒருவர், "எந்தக் கோயிலுக்கு சார்?" என்று கேட்டார். புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டு டி.வி. மேல் வைத்தார். அப்புறம் அதைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் பயிற்சி தொடங்கியது. பந்தைத் தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கத்து எல்லைக்குப் போக வேண்டும் என்பது வரை ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார். மற்றதெல்லாம் கபடி. பந்தை வைத்திருப்பவன் மேல் பத்துப் பேர் பாய்வார்கள். அவன் எழுந்து மறுபடி ஓடுவான். எப்போது நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாததால் கலைவாணன் விசில் அடிக்கும்வரை ஆட்டம் நடந்தது. பையன்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஆறு மாதம் இந்த ஆட்டத்தை ஆடினார்கள். உலகத்தில் வேறு எங்கும் இப்படி ஒரு ஆட்டம் ஆடப்பட்டதில்லை.

புவனேஸ்வரி சின்ன காஞ்சிபுரத்துக்காரி. நெசவாளர் குடும்பம், பி.ஏ. ஆங்கிலம், கூட்டுறவுச் சங்கத்தின் பட்டு ஷோரூமில் வேலை. மார்கழி மாதம் கல்யாணம் கிடையாது, ஆகவே புடவை வாங்க ஆளும் கிடையாது. சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஏதாவது படிக்கலாம் என்று டி.வி. மேலிருந்த புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். மூன்றாம் நாள் சாயங்காலம், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒரு பக்கத்துக்கு நாலு சான்ஸுதானாம். அந்த நாலுக்குள்ள பத்து கஜம் முன்னாடி போயிருக்கணும். போகலைன்னா பந்தை எதிராளிகிட்ட குடுத்துடணும். இதைச் சொல்லிக் குடுத்தீங்களா?"

கலைவாணன் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினார். "அதெல்லாம் ரெண்டாவது கட்டம். படிப்படியாத்தான் கொண்டு போகணும்."

"பத்து கஜங்க. மடிசாருக்கே ஒம்பது கஜம்தான். இவங்க ஒரு கஜம் சேத்து கேக்கறாங்க."

மறுநாள் காலையில் இரண்டாவது கட்டம் தொடங்கியது. ஷோரூம் பரணில் கிடந்த பழைய கஜக்கோலை புவனேஸ்வரி எடுத்துக் கொடுத்தாள். மைதானத்தில் கலைவாணன் குனிந்து குனிந்து பத்து கோல் அளந்து கோடு போடுவதை ரோட்டோரம் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த மாதத்திலிருந்து ஊரில் அவருக்கு 'பத்து கஜம் சார்' என்று பெயர் வந்தது. பி.டி. சாருக்கு இது தேவலை என்று அவருக்குள் ஒரு எண்ணம்.

ஹெல்மெட்டுகள் மயில்வாகனத்தின் மகள் அனுப்பிப் பழையதாக வந்து சேர்ந்தன. தோளுக்குப் போடுகிற கவசம் வரவில்லை. "நாமே பண்ணிடலாம் சார்" என்று சொல்லி, சின்ன காஞ்சிபுரத்து மெத்தைக் கடையில் இலவம்பஞ்சு வைத்துத் தைத்து வாங்கினார் கலைவாணன். போட்டுப் பார்த்த பையன்கள், விழுந்தால் தூக்கம் வருகிறது என்றார்கள். 2014 அக்டோபரில் சென்னையில் முதல் போட்டி. ஆட்டம் ஆரம்பித்த கால் மணியில் மழை பிடித்துக்கொண்டது. பஞ்சு தண்ணீரைக் குடித்தது. ஒவ்வொருவன் தோளிலும் ஊறிய தலையணை இரண்டு. ஓடச் சொன்னால் நடந்தார்கள், நடக்கச் சொன்னால் நின்றார்கள். ஐம்பத்திரண்டுக்குப் பூஜ்யம்.

"ஜெயிச்சோமா?" என்று போனில் கேட்டார் மயில்வாகனம்.

"பசங்க நல்லா ஆடினாங்க சார்."

"எவ்ளோ?"

"அம்பத்திரண்டு சார்."

யாருடைய ஐம்பத்திரண்டு என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மறுநாள் காலை அறிவிப்புப் பலகையில் வாழ்த்துச் செய்தி ஒட்டியிருந்தது. பிரார்த்தனைக் கூட்டத்தில் குழுவை மேடையேற்றிக் கைதட்டினார்கள். பையன்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார் பிரின்சிபால்.

மூன்று வருஷம் இப்படியே போனது. தமிழ்நாட்டில் இந்த ஆட்டம் ஆடும் கல்லூரிகளே நாலைந்துதான். எல்லோரிடமும் முறைவைத்துத் தோற்றார்கள். சிரமம் எங்கே என்றால், ஒவ்வொரு முறையும் அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதை எதிராளிக்குப் புரியாதபடி கத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் நிறமும் எண்ணும் சேர்த்து ஏதோ சொல்கிறார்களாம். கலைவாணன் அதையே சொல்லிக் கொடுத்தார். 'புளூ ஃபார்ட்டி டூ' என்று கேட்டதும் பாதிப் பேர் இடது பக்கமும் பாதிப் பேர் வலது பக்கமும் போனார்கள்.

"ஏன் இங்கிலீஷ்ல கத்தறீங்க?" என்றாள் புவனேஸ்வரி. பயிற்சி பார்க்க அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்திருந்தாள். "பாதிப் பசங்க வீட்ல தறி சத்தம் கேட்டு வளந்தவனுங்க. கோட்டை ஒட்டி ஓடணும்னா 'பார்டர்'னு சொல்லுங்க. கடைசி வரைக்கும் தூக்கி எறியணும்னா 'முந்தி'. ஆளுக்கொரு பக்கம் செதறி நிக்கணும்னா 'புட்டா'. பார்டரை உடம்போட சேத்து நெய்யற மாதிரி ரெண்டு பேரு ஒட்டிக்கினே போகணும்னா 'கோர்வை'. செத்தாலும் மறக்க மாட்டானுங்க."

"அதைத்தான் நானும் யோசிச்சிக்கினு இருந்தேன்" என்றார் கலைவாணன்.

அந்த வருஷம் பந்தை எறிகிற இடத்தில் லோகேஷ் இருந்தான். நெசவாளர் வீட்டுப் பையன், ஒல்லி, குறி தப்பாத கை. அவனுக்கு முன்னால் நின்று எதிராளிகளைத் தடுக்கிறவன் பழனி, தாமல்காரன், உழவு மாடு போல உடம்பு. பந்து கையில் கிடைத்துவிட்டால் பழனி பழக்க தோஷத்தில் 'கபடி கபடி' என்று முணுமுணுத்துக்கொண்டே ஓடுவான். அதற்குத் தடை உண்டா என்று புத்தகத்தில் தேடிப்பார்த்து, இல்லை என்று புவனேஸ்வரி சொன்னாள். 2017 கடைசியில் சென்னைக் கல்லூரியை இருபதுக்குப் பன்னிரண்டு என்று ஜெயித்தார்கள். லோகேஷ் 'முந்தி' என்று கத்தும்போதெல்லாம் சென்னைப் பையன்கள் முந்திரி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு வேலூரையும் ஜெயித்து இறுதிப்போட்டிக்கு வந்தார்கள்.

இறுதிப்போட்டி ஆரணிக் கல்லூரியோடு, அவர்கள் மைதானத்தில். முதல் பாதியிலேயே விஷயம் விளங்காமல் தவித்தார் கலைவாணன். 'பார்டர்' என்றால் கோட்டோரம் மூன்று ஆரணிக்காரன் முன்கூட்டியே நிற்கிறான். 'முந்தி' என்றால் பந்து போய்ச் சேருமுன் அவன் அங்கே கையை ஏந்திக்கொண்டிருக்கிறான். பதினான்குக்குப் பூஜ்யம். இடைவேளைக்கு விசில் அடித்ததும், தண்ணீர் குடிக்க வந்த ஆரணிப் பையன் ஒருவன் லோகேஷிடம் மரியாதையாகவே சொன்னான்: "அண்ணா, எங்க வீட்லயும் ரெண்டு தறி இருக்குது."

ஆரணியும் பட்டு நெய்கிற ஊர் என்பது கலைவாணனுக்கு மட்டுமல்ல, பஸ்ஸில் வந்த இருபத்தைந்து பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். ஒருவருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். கலைவாணன் தொண்டையைச் செருமினார்.

"சார், வேற வார்த்தை இருக்குது சார்" என்றான் பழனி. லோகேஷ் அவன் காலை மிதித்தான்.

"சொல்லுடா."

"வாத்தியாருங்களுக்கு நாங்க பேரு வச்சிருக்கோம் சார். ஆரணிக்காரனுக்கு அது தெரியாது."

தயங்கித் தயங்கி ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பொருளாதார ஆசிரியர் 'குக்கர்'. மூன்று விசில் வரை பொறுப்பார், அப்புறம் வெடிப்பார். ஆகவே மூன்று எண்ணிவிட்டுப் பாய்வதற்கு அந்தப் பெயர். வகுப்புக்கு வந்து பின்வாசல் வழியாகக் காணாமல் போகும் வரலாற்று ஆசிரியர் 'ஆவி'. பந்தைப் பின்பக்கமாகக் கைமாற்றிவிட அது பொருத்தம்.

"அப்புறம், 'தெரியும்' சார்" என்றான் லோகேஷ்.

"'தெரியும்' யாருடா?"

பழனி ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டத் தொடங்கினான். இன்னொருவன் வானத்தைப் பார்த்தான். கலைவாணனுக்கு மெல்ல விளங்கியது. காது சூடானது. கோபப்படலாமா என்று பார்த்தார். நேரம் ஐந்து நிமிஷம்தான் இருந்தது.

"அதை எதுக்கு வைக்கப் போற?"

"எறியற மாதிரி கையை நல்லா ஓங்கிக் காட்டிட்டு, எறியாம நானே ஓடிடறதுக்கு சார்."

கலைவாணன் விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "சரியாத்தான் இருக்குது. போங்க" என்றார்.

இரண்டாம் பாதியில் 'குக்கர்' ஒருமுறை ஆறு புள்ளி கொண்டுவந்தது. 'ஆவி' இரண்டு முறை பத்து கஜம் வாங்கித் தந்தது. கடைசிப் பத்து நிமிஷத்தில் லோகேஷ் மைதானம் அதிர "தெரியும், தெரியும்" என்று கத்தினான். கையை ஓங்கினான். ஆரணிக்காரர்கள் அத்தனை பேரும் பின்னால் ஓடி வானத்தைப் பார்த்தார்கள். அவன் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நடுவாக ஓடிப்போய் எல்லைக்குள் விழுந்தான், இன்னொரு ஆறு புள்ளி. கூடுதல் இரண்டு புள்ளிக்கு பழனி மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு போனான். பதினான்குக்குப் பதினான்கு. கோட்டோரம் நின்ற கலைவாணன் தன்னை மறந்து, "தெரியும் டா" என்று கத்திவிட்டார். பக்கத்தில் நின்ற நடுவர் திரும்பிப் பார்த்தார்.

பெயர்தான் கால்பந்தே ஒழிய, அமெரிக்க ஆட்டத்தில் காலுக்கு வேலை வருவது எப்போதாவதுதான். அன்றைக்கு அது கடைசி நிமிஷத்தில் வந்தது. ஆரணிப் பையன் ஒருவன் பந்தை உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினான். பதினேழுக்குப் பதினான்கு.

செய்யாறு தாண்டும்வரை பஸ்ஸில் எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். சார் கோபமாக இருக்கிறார் என்று பயந்திருந்தார்கள். கலைவாணன் திரும்பி, "எத்தன வருஷமா அந்தப் பேரு?" என்று கேட்டார்.

"சீனியருங்க வச்சது சார். நாங்க சேரும்போதே இருந்துது" என்றான் பழனி.

வீட்டில் சொன்னபோது புவனேஸ்வரி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ரேவதி எட்டிப் பார்த்தாள். அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் சிரிப்பது அவளுக்குக் கேட்டது.

அந்த ஒரு போட்டியால் அவர் பெயர் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் போயிற்று. அந்தப் பக்கம் ஒரு பெரிய பல்கலைக்கழகம் ஆளனுப்பிக் கூப்பிட்டது. பச்சைக் கம்பளம் விரித்த மைதானம், உண்மையான கவசம், முதுகில் 'ஹெட் கோச்' என்று அச்சிட்ட பனியன். போகாமல் இருக்க முடியுமா. மயில்வாகனத்திடம் சொல்லிக்கொள்ளப் போனபோது கண் கலங்கியது, ஆனாலும் போனார். அங்கே எல்லாம் இருந்தது, பையன்களைத் தவிர. ஏழு மணிக்கு முன் யாரும் எழுந்திருக்கவில்லை. சத்துணவு சொல்ல ஒரு அம்மா, வீடியோவில் யோசனை சொல்ல வெளிநாட்டுக்காரர் ஒருவர். கலைவாணனின் வேலை பெரும்பாலும் தலையை ஆட்டுவது.

2019 பிப்ரவரியில் அந்தக் குழுவை அழைத்துக்கொண்டு பழைய கல்லூரிக்கே ஆட வந்தார். அவர் இடத்துக்கு ஆள் போடாததால் வேதியியல் ஆசிரியர் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு பொறுப்பில் நின்றார். தான் போட்ட கோட்டுக்கு எதிர்ப்பக்கம் நிற்பது கலைவாணனுக்கு என்னவோ போலிருந்தது. எதிரே பழைய குழுவின் பக்கத்தில், டிபன் கேரியரோடு புவனேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். வேதியியல் ஆசிரியருக்கு வணக்கம் சொல்கிற சாக்கில் போய்க் கேட்டார்.

"இன்னா புவனா, இங்க உக்காந்திருக்க?"

"இந்தப் பக்கம்தாங்க நிழலு."

பழைய குழுவின் ரகசிய வார்த்தைகளுக்கு அர்த்தத்தைத் தன் புதுப் பையன்களுக்குச் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தூக்கம் கெட்டிருந்தார். சம்பளம் வாங்குகிற இடத்துக்குத் துரோகம் கூடாது என்று கடைசியில் சொல்லிவிட்டார். ஆட்டத்தின் முக்கியமான கட்டத்தில் லோகேஷ் "தெரியும், தெரியும்" என்று கத்தினான். "எறிய மாட்டான், ஓடுவான், முன்னாடி வாங்க" என்று கலைவாணன் கோட்டோரம் ஓடிக்கொண்டே கத்தினார். எல்லோரும் முன்னால் வந்தார்கள். பந்து அவர்கள் தலைக்கு மேலே நிதானமாகப் பறந்து போனது. லோகேஷ் ஒரு வாரம் முன்பே அர்த்தத்தை மாற்றிவைத்திருந்தான். ஆட்டம் முடிந்து கைகுலுக்கும்போது, "சார், நீங்க சொல்லிடுவீங்கன்னு தெரியும் சார்" என்றான். அவர் அவன் தோளைத் தட்டினார். தோற்ற குழுவின் பயிற்சியாளர் இவ்வளவு சந்தோஷமாக இருப்பது ஏன் என்று பல்கலைக்கழகத்து ஆட்களுக்குப் புரியவில்லை.

கொரோனா வந்தபோது அங்கே குழுவைக் கலைத்தார்கள். வீட்டில் ஒரு வருஷம் உட்கார்ந்திருந்துவிட்டு, 2021இல் கூச்சத்தோடு மயில்வாகனத்தைப் பார்க்கப் போனார். என்னென்னவோ சொல்ல யோசித்து வைத்திருந்தார். முதலாளி கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றி, "எங்கய்யா போன? கிரவுண்டெல்லாம் புல்லு மண்டிக்கினு இருக்குது" என்று மட்டும் கேட்டார்.

இப்போது பெண்களுக்கான குழுதான். கவசம் கிடையாது, ஆளை விழத்தட்டுவது கிடையாது. இடுப்பில் தொங்கும் பட்டையை எதிராளி உருவிவிட்டால் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். முதல் நாள் வரிசையில் நின்ற சுகாசினி என்ற பெண், பட்டை தானாக அவிழ்ந்து விழுந்தால் என்ன கணக்கு என்று கேட்டாள். கலைவாணன் வாயைத் திறந்தார், மூடினார். "இதுல எனக்கே சிலது புதுசும்மா. புக்கை வீட்ல மேடம் படிச்சிக்கினு இருக்காங்க. நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

சென்ற ஆண்டு கோயம்புத்தூரில் மாநில அளவில் அந்தப் பெண்கள் மூன்றாமிடம் வந்தார்கள். மறுநாள் செய்தித்தாளில் படம். சுகாசினி கோப்பையைப் பிடித்திருக்க, ஓரத்தில் கலைவாணன். கீழே, 'எறிபந்துப் போட்டியில் சாதித்த மாணவிகளுடன் பயிற்சியாளர் கலைவாசன்' என்று போட்டிருந்தது. அவர் கொதித்துப்போய் நிருபருக்கு போன் போட்டார். அடுத்த முறை பார்த்துக்கொள்கிறேன் என்று நிருபர் வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் தாமலிலிருந்து அவருடைய அக்கா மணியம்மாள் கூப்பிட்டாள்.

"தம்பி, பேப்பரைப் பாத்தேன். எறிபந்தாடா சொல்லித் தர? இத்தினி வருஷமா இன்னா வேலை பாக்கறன்னே எனக்குப் புரியாம இருந்துது. நல்லா இருக்குதுடா. டீக்கடையில கூட ஒட்டியிருக்கானுங்க."

அது எறிபந்து இல்லை என்று ஆரம்பிக்கப் பார்த்தார். நாலு சான்ஸ், பத்து கஜம், எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. எதிரே முறுக்கு தின்றுகொண்டிருந்த புவனேஸ்வரி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஆமாக்கா" என்றார் கலைவாணன். "எறிபந்துதான்."